கிராம்பு போடாத கிராம்பு மணம்

பெல்ஜியத்தின் தென்பாதியில், பிரெஞ்சு பேசும் வலோனியாவின் எனோ மாகாணத்தில், தூர்ப் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 1759 முதல் ஒரு பண்ணையும், 1844 முதல் அதோடு ஒட்டிய பீர் ஆலையும் இயங்கிவந்தன. 1920இல் ஆல்ஃபிரட் டுபோன் என்பவர் அதை விலைக்கு வாங்கினார். மகன் லூயி விவசாயம் செய்யக் கனடாவுக்குக் கிளம்பும் யோசனையில் இருந்தார். அவரை ஊரிலேயே நிறுத்திவைக்க அப்பா கண்ட வழி இது. மகன் தங்கிவிட்டார், ஆலையும் நிலைத்தது. இன்று ‘சேசான்’ வகை பீரைப் பற்றி யார் பேசினாலும், அந்த ஆலையின் சேசான் டுபோனை அளவுகோலாக வைத்துத்தான் பேச்சைத் தொடங்குவார்கள்.

அந்த பீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் ஆரஞ்சு சாயல் ஏறிய பொன்னிறம், மேலே அடர்ந்து நிற்கும் வெண்ணுரை. முகர்ந்தால் மிளகு, கிராம்பு, எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல். வாயில் வைத்தால் இனிப்பு என்று ஒன்று இருந்த சுவடே தெரியாமல் நாக்கு உலர்ந்துபோகும். ஆல்கஹால் 6.5 சதவீதம். இதில் மிளகும் சேர்க்கவில்லை, கிராம்பும் சேர்க்கவில்லை. தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், இவ்வளவுதான் சேர்மானம். மசாலா முழுவதையும் உண்டாக்கியது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பூஞ்சையான ஈஸ்ட்.

வீட்டிலேயே மசாலா சேசான் காய்ச்ச நினைக்கிறவர்கள் பெரும்பாலும் தனியா எத்தனை கிராம், மிளகு எத்தனை கிராம் என்றுதான் முதலில் கணக்குப் போடுகிறார்கள். ஈஸ்ட்டைக் கடைசியில் யோசிக்கிறார்கள். என் வாதம், வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது. ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி மசாலாவைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். அந்தப் பாதி எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் மீதிப் பாதியில் எதைச் சேர்ப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று புரியும். (ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்சுவது பிரிட்டனில் 1963 முதல் உரிமம் இல்லாமல் அனுமதிக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978இல் மத்திய அரசின் சட்டம் வழிவிட்டது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம்.)

கிராம்பிலிருந்து தொடங்கலாம். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. பார்லியின் செல் சுவரில் ஃபெருலிக் அமிலம் என்ற சிறிய மூலக்கூறு, சர்க்கரைச் சங்கிலிகளோடு பிணைந்து கிடக்கிறது. உடைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது 43 முதல் 45 டிகிரி செல்சியஸில் சற்று நேரம் நிறுத்தினால், மால்ட்டிலேயே உள்ள ஒரு நொதி அந்தப் பிணைப்பை வெட்டி அமிலத்தை வெளியே விடுகிறது. ஈஸ்ட் அதை எடுத்துக்கொண்டு, அதன் முனையிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிடுகிறது. மிஞ்சுவது 4-வினைல் குவாயகால். பல்வலிக்குக் கிராம்புத் தைலம் தடவியவர்களுக்கு யூஜெனாலின் வாசம் தெரிந்திருக்கும். கிராம்புக்கு மணம் தருவது அதுதான். யூஜெனாலையும் 4-வினைல் குவாயகாலையும் அடுத்தடுத்து வரைந்து பார்த்தால் வளையம் அப்படியே ஒன்றாக இருக்கும். யூஜெனாலின் வால் மட்டும் ஒரு கார்பன் அளவு நீளம் கூட. லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட வேண்டாம், மூக்கு கண்டுபிடித்துவிடும்.

ஈஸ்ட் எதற்காக இந்த வேலையைச் செய்கிறது? ஃபெருலிக் அமிலமும் அதன் உறவான சின்னமிக் அமிலமும் தாவரங்கள் நுண்ணுயிர்களை எதிர்க்க உதவும் பொருட்கள். காட்டில் பழத்தோலிலும் மரப்பட்டையிலும் வாழும் ஈஸ்ட்டுக்கு அவை விஷம். பிஏடி1, எஃப்டிசி1 என்ற இரண்டு மரபணுக்களின் துணையோடு அது அந்த விஷத்தை முறித்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. முறித்த பின் மிஞ்சுவது நமக்குக் கிராம்பாக மணக்கிறது.

2016இல் பெல்ஜியத்தின் லூவன் நகரைச் சேர்ந்த கெவின் ஃபெர்ஸ்ட்ரேபனின் குழுவும் அதன் கூட்டாளிகளும் 157 ஈஸ்ட் ரகங்களின் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். பீர் ஈஸ்ட்களில் பெரும்பாலானவற்றில் அந்த இரு மரபணுக்களில் ஒன்றாவது உடைந்து கிடந்தது. எல்லா ரகத்திலும் ஒரே இடத்தில் உடையவில்லை. இந்த ரகத்தில் இங்கே, அந்த ரகத்தில் அங்கே என்று தனித்தனியாகப் பழுதாகியிருந்தது. நுண்ணுயிர் என்று ஒன்று இருப்பதையே அறியாத காலத்திலேயே, காய்ச்சுகிறவர்கள் நல்ல சுவை தந்த பீரின் நுரையையும் வண்டலையும் எடுத்து அடுத்த முறைக்குப் பயன்படுத்தினார்கள். கிராம்பு வாடை அடித்ததைக் கொட்டிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்த இந்தத் தெரிவில், கிராம்பு செய்யத் தெரியாத ஈஸ்ட் பிழைத்தது. காட்டு நெல்லிலிருந்து வயல் நெல்லைப் பிரித்தெடுத்த அதே மனிதக் கை, பார்க்கவே முடியாத ஓர் உயிரையும் பழக்கியிருக்கிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கும். ஜெர்மனியின் கோதுமை பீர் ஈஸ்ட்களும் பெல்ஜியத்தின் சேசான் ஈஸ்ட்களும் இதற்கு விதிவிலக்கு. அவற்றில் அந்த மரபணுக்கள் பழுதாகவில்லை. பண்ணையில் வளர்ந்ததால் தப்பித்தன என்று அவசரப்பட்டு முடிவுகட்டவும் முடியாது. நார்வேப் பண்ணைகளின் குவெய்க் ஈஸ்ட் 40 டிகிரி சூட்டிலும் உற்சாகமாக வேலை செய்யும். அதில் கிராம்பு வாசம் வராது.

பழ வாசனையின் கதை வேறு. சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்கும் போக்கில் ஈஸ்ட் எஸ்டர் எனப்படும் மணப்பொருட்களையும் உண்டாக்குகிறது. ஐசோஅமைல் அசிட்டேட் வாழைப்பழமாக மணக்கும். எத்தில் ஹெக்சனோயேட் ஆப்பிளும் சோம்பும் கலந்தாற்போல் இருக்கும். இவற்றால் ஈஸ்ட்டுக்கு என்ன லாபம் என்பதற்கு ஃபெர்ஸ்ட்ரேபன் மாணவராக இருந்த காலத்தில் ஒரு தடயம் கிடைத்தது. வார இறுதி கழிந்து ஆய்வகத்துக்கு வந்தவர், பக்கத்து ஆய்வகத்திலிருந்து தப்பி வந்த பழ ஈக்கள் ஈஸ்ட் வளர்த்த ஒரு குடுவையை மொய்த்திருப்பதைக் கண்டார். மணம் உண்டாக்கும் மரபணுவை நீக்கிய ஈஸ்ட் இருந்த இன்னொரு குடுவையில் ஈ இல்லை. வெகுகாலம் கழித்து, 2014இல், அவர் குழு இதை முறையாகச் சோதித்து வெளியிட்டது. ஏடிஎஃப்1 என்ற மரபணுவை நீக்கினால் ஈக்களுக்கு ஈஸ்ட்டின் மேல் ஈர்ப்பு குறைகிறது. ஈக்கள் அதைச் சுமந்து பரப்புவதும் குறைகிறது. ஈஸ்ட்டுக்குக் கால் இல்லை, இறக்கை இல்லை, காற்றில் எளிதாகப் பறக்கும் உடலும் இல்லை. ஒரு பழத்திலிருந்து இன்னொரு பழத்துக்குப் போக அது ஈயைக் கூப்பிட்டாக வேண்டும். ஈயைக் கூப்பிட உண்டான அந்த வாசனைதான் பீர்க் குவளையில் நம்மையும் கூப்பிடுகிறது.

கிராம்பும் பழமும் கோதுமை பீரிலும் உண்டு. சேசானைத் தனியே நிறுத்துவது அதன் வறட்சி. அங்கேதான் இந்த ஈஸ்ட்டின் வியப்பான குணம் இருக்கிறது.

மால்ட்டை ஊறவைத்து வடித்த சாற்றில் எல்லாச் சர்க்கரையும் ஒரே மாதிரி இல்லை. பாதியளவு மால்டோஸ், அதில் இரண்டு குளுக்கோஸ் கோத்திருக்கும். மூன்று கோத்த மால்டோட்ரையோஸ் ஒரு பங்கு. நான்கும் அதற்கு மேலும் கோத்த நீண்ட துண்டுகளுக்கு டெக்ஸ்ட்ரின் என்று பெயர். சாதாரண பீர் ஈஸ்ட் மூன்றோடு நிறுத்திக்கொள்ளும். டெக்ஸ்ட்ரின் அப்படியே பீரில் தங்கி, அதற்குக் கனத்தையும் லேசான கொழகொழப்பையும் கொடுக்கும். சேசான் ஈஸ்ட்கள் பலவற்றில் எஸ்டிஏ1 என்று ஒரு மரபணு கூடுதலாக இருக்கிறது. இது உண்டான விதம் அலாதியானது. ஈஸ்ட்டின் செல்கள் ஒன்றோடொன்றும் பரப்புகளோடும் ஒட்டிக்கொள்ள உதவும் ஒரு மரபணு. செல்லுக்குள் சேமித்துவைத்த மாச்சத்தை உடைக்கும் இன்னொரு மரபணு. பரிணாமத்தின் ஏதோ ஒரு கட்டத்தில் இரண்டின் துண்டுகளும் இணைந்து ஒரே மரபணு ஆகிவிட்டன. முதலாவதன் முகப்பு, இரண்டாவதன் வேலை. முகப்பு ‘இதைச் செல்லுக்கு வெளியே அனுப்பு’ என்று சொல்கிறது, பின்பாதி குளுக்கோஅமைலேஸ் என்ற நொதியைத் தருகிறது. உள்ளறையில் வேலை செய்ய வேண்டிய நொதி இப்போது வெளியே, பீருக்குள் மிதக்கிறது. பூச்சரத்தின் நுனியிலிருந்து ஒவ்வொரு பூவாக உருவுவதுபோல, டெக்ஸ்ட்ரினின் நுனியிலிருந்து குளுக்கோஸை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறது. கழன்றதை ஈஸ்ட் தின்கிறது.

எளிய சர்க்கரை தாராளமாக இருக்கும்வரை இந்த மரபணு அடங்கியே இருக்கும். உணவு குறையும்போதுதான் விழிக்கும். ஆகவே சேசானின் நொதித்தல் முதல் சில நாட்கள் வேகமாக ஓடிவிட்டு, பிறகு வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போகும். இப்படிப்பட்ட ஈஸ்ட்டை 1952இல் ஆண்ட்ரூஸ், கில்லிலண்ட் என்ற இருவர் தனி இனமாக விவரித்து ‘டையாஸ்டாட்டிகஸ்’ என்று பெயரிட்டார்கள். இன்று அது வழக்கமான பீர் ஈஸ்ட் இனத்தின் ஒரு வகையாகவே கருதப்படுகிறது. மற்ற ஆலைகளுக்கு இது பெரும் தலைவலி. இனிப்பு மிச்சம் வைத்து அடைத்த பாட்டிலுக்குள் இந்த ஈஸ்ட் சில செல்கள் புகுந்துவிட்டால் போதும், வாயு பெருகிப் பாட்டில் வெடிக்கும். ஆனால் எஸ்டிஏ1 இருந்தாலே பசி உறுதி என்றும் இல்லை. 2019இல் ஃபின்லாந்தில் கிறிஸ்டோஃபர் குரோகெரஸ் குழுவினர், அந்த மரபணுவை இயக்கும் முன்பகுதியில் 1,162 எழுத்துகள் விடுபட்டுப்போன ரகங்கள் இருப்பதைக் காட்டினார்கள். அவற்றில் மரபணு இருந்தும் நொதி சொற்பமாகவே உருவாகிறது.

சேசானின் பழங்கதையோடு இந்த வறட்சி நன்றாகப் பொருந்துகிறது. குளிர்காலத்தில் வயல் வேலை இல்லாத நாட்களில் பண்ணையாட்கள் பீர் காய்ச்சி வைப்பார்கள், கோடையில் அறுவடைக்கு வரும் கூலியாட்கள் அதைக் குடிப்பார்கள் என்று சொல்லப்படுகிறது. இந்தச் சித்திரத்துக்கு எழுத்துச் சான்று குறைவு, வரலாற்றாளர்கள் சிலர் இதைக் கேள்வி கேட்கிறார்கள். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க, கிருமிக்குத் தீனியாகும் சர்க்கரை பீரில் குறைவாக இருப்பது நல்லது என்பது மட்டும் சந்தேகமில்லாத வேதியியல்.

இனி வீட்டு அடுப்பங்கரை. 20 லிட்டருக்கு ஒரு சேசான் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பகுதி பில்ஸ்னர் மால்ட், பத்தில் ஒரு பங்கு கோதுமை, கொஞ்சம் வெள்ளைச் சர்க்கரை. 64, 65 டிகிரியில் ஊறவைத்தால் மால்டோஸ் அதிகம் கிடைக்கும். சாற்றில் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் 1.055 காட்டும். சாதாரண ஈஸ்ட் போட்டால் அது 1.014 வாக்கில் வந்து நிற்கும். சேசான் ஈஸ்ட் 1.004 வரை கொண்டுபோகும், ஆல்கஹால் 6.7 சதவீதத்தை நெருங்கும்.

எந்தச் சேசான் ஈஸ்ட்? கடையில் கிடைப்பவற்றில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இரண்டும் எதிரெதிர் குணம். வையீஸ்ட் நிறுவனத்தின் 3724 என்பது டுபோன் ஆலையின் வழிவந்தது என்று பரவலாக நம்பப்படுகிறது. வையீஸ்ட் 3711 பிரெஞ்சு ஃபிளாண்டர்ஸில் எஸ்கெல்பெக் ஊரின் திரியே ஆலையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். 3711 சமர்த்துப் பிள்ளை. 20 டிகிரியில் விட்டாலும் 25 டிகிரியில் விட்டாலும் தன்பாட்டுக்கு ஓடி 1.004க்கும் கீழேகூடப் போய்விடும். இவ்வளவு வறண்டும் வாயில் வழவழவென்று ஒரு நிறைவு இருக்கும். எலுமிச்சையும் மிளகும் முன்னால் நிற்கும், கிராம்பு அடக்கம். 3724 பிடிவாதக்காரன். மணத்தில் ஆழம் அதிகம், மண்வாசமும் காரமும் பழமும் ஒன்றுக்குள் ஒன்று பின்னி வரும். ஆனால் நடுவழியில் உட்கார்ந்துவிடும்.

அந்த உட்காருதலைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். முதல் இரண்டு நாள், வாயுவை வெளியே விடும் ஏர்லாக்கில் குமிழிகள் இடைவிடாமல் வரும், நுரை மூடியை முட்டும். ஐந்தாம் நாள் வாக்கில் குமிழிகள் நிமிடத்துக்கு ஒன்று ஆகி, பிறகு அதுவும் நிற்கும். நுரை கீழே வடிந்து, பாத்திரத்தின் உட்சுவரில் பழுப்பு வளையம் படிந்திருக்கும். முடிந்துவிட்டது என்றே யாருக்கும் தோன்றும். ஒரு குழாயளவு எடுத்து ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தால் 1.035. நாக்கில் வைத்தால் கரும்புச் சாறு மாதிரி இனிக்கும். பலர் இங்கேதான் பயந்து வேறு ஈஸ்ட்டைக் கொட்டுகிறார்கள். தேவையில்லை. பாத்திரத்தைச் சுற்றி வெப்பப் பட்டை கட்டி 32 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். 35 வரைகூட அது தாங்கும். டுபோன் ஆலையிலேயே நொதித்தல் அந்தச் சூட்டை எட்டுவதுண்டு. வேறு ஈஸ்ட் என்றால் அந்த வெப்பத்தில் தலைவலி தரும் கனத்த ஆல்கஹால்களும் பெயிண்ட் வாடையும் வந்துவிடும். இதற்கு அது சொந்த ஊர். மேலே கரியமில வாயுவின் அழுத்தம் சேர்ந்தால் இது சுணங்கும் என்று நம்பி, முதல் சில நாட்கள் ஏர்லாக்கை எடுத்துவிட்டு அலுமினியத் தாளால் மட்டும் மூடிவைப்பவர்களும் உண்டு. எப்படியும் ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து ஏர்லாக் மறுபடி பேசத் தொடங்கும். ஆரம்பத்திலேயே 32 டிகிரியில் விடக்கூடாது. 20, 22இல் தொடங்கி, இரண்டாம் நாளிலிருந்து ஏற்றுவதே என் சிபாரிசு. முரட்டு வாசனைகள் பெரும்பாலும் செல்கள் பெருகும் தொடக்க நேரத்தில் பிறக்கின்றன.

பொறுமையில்லாமல் பாட்டிலில் அடைப்பதுதான் உண்மையான ஆபத்து. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் அந்த லிட்டர் தன் கொள்ளளவுக்குச் சமமான கரியமில வாயுவைப் பெறும். சேசானுக்கு மூன்று மடங்கு வாயு போதும். 1.012இல் நிற்பதை முடிவென்று எண்ணி அடைத்தால், அது உள்ளேயே 1.004க்கு இறங்கும்போது பிறக்கும் வாயு மட்டுமே அந்த அளவைத் தாண்டிவிடும். ஒரு வார இடைவெளியில் எடுத்த இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் மட்டும் அடைக்கலாம், அதுவும் கனமான ஷாம்பெயின் பாட்டிலில். ரப்பர் குழாய்களையும் கீறல் விழுந்த பிளாஸ்டிக் பாத்திரங்களையும் இந்த ஈஸ்ட்டுக்கென்று தனியாக ஒதுக்கிவிடுவது நல்லது.

இப்போது மசாலா. வலோனியாவில் மசாலா சேர்க்கும் ஆலைகளும் உண்டு. பிப்பே ஊரில் நீராவி இயந்திரத்தில் ஓடும் அ வப்பூர் ஆலையின் சேசானில் இஞ்சி, மிளகு, ஆரஞ்சுத் தோல், அன்னாசிப்பூ எல்லாம் சேரும். வீட்டில் காய்ச்சுகிறவர் ஈஸ்ட் எதை ஏற்கெனவே கொடுக்கிறது என்று பார்த்து, அது கொடுக்காததைச் சேர்க்க வேண்டும். 3724க்குக் கிராம்பும் பட்டையும் வேண்டவே வேண்டாம். இருக்கிற மணத்தின்மேல் அதே மணத்தை ஏற்றினால் மருந்துக் கடை வாசம்தான் மிஞ்சும். அதற்கு 20 லிட்டருக்கு 10 முதல் 15 கிராம் தனியா, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் போதும். கிராம்பு அடக்கமான 3711 இன்னும் கொஞ்சம் தாங்கும். ஏலக்காயின் குடும்பத்தைச் சேர்ந்த, மேற்கு ஆப்பிரிக்காவில் விளையும் கிரெய்ன்ஸ் ஆஃப் பாரடைஸ் விதை இரண்டு மூன்று கிராம் தட்டிப் போட்டால் மிளகுக் காரம் எழுந்து நிற்கும்.

தனியாவுக்கு நான் முதலிடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. அதன் எண்ணெயில் பெரும்பங்கு லினலூல். ஹாப்ஸிலும் அதே லினலூல் இருக்கிறது. ஆகவே தனியா அந்நியமாக நிற்காமல் ஹாப்ஸின் மணத்தோடு சேர்ந்துவிடுகிறது. கூடவே இருக்கும் ஜெரானியால் என்ற ரோஜா மணத்தை ஈஸ்ட் சும்மா விடுவதில்லை. அதில் ஒரு பங்கை சிட்ரோனெல்லாலாக மாற்றி எலுமிச்சைப் பக்கம் திருப்புகிறது. நாம் போட்ட மசாலாவையும் ஈஸ்ட் தன் கையால் திருத்திவிடுகிறது என்று அர்த்தம். சாம்பார்ப் பொடிக்குச் செய்வதுபோல் தனியாவை வறுக்கக்கூடாது, வறுத்தால் இந்த மென்மணங்கள் பறந்துபோகும். பச்சையாக இரண்டாகப் பிளக்கும்படி இடித்து, கொதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது போட வேண்டும். ஐரோப்பியத் தனியா உருண்டையாக இருக்கும். அமெரிக்காவில் வீட்டில் காய்ச்சுகிறவர்களில் சிலர், ஆரஞ்சு வாசம் தூக்கலாக இருக்கிறதென்று இந்திய மளிகைக் கடைக்குப் போய் நம் நீள்வட்டத் தனியாவைத் தேடி வாங்குகிறார்கள்.

அளவு பற்றித் தயக்கம் இருந்தால் கொதியில் எதையும் போடாமல் இருப்பதே மேல். மசாலாவைத் தனித்தனிச் சிறு சீசாக்களில் வோட்காவில் ஒரு வாரம் ஊறவைத்து வடிகட்டிக்கொள்ளலாம். நொதித்தல் முழுக்க முடிந்து, ஈஸ்ட் தன் பங்கைக் கொடுத்த பிறகு, 100 மில்லி பீரில் சிரிஞ்சால் கால் மில்லி, அரை மில்லி என்று விட்டுச் சுவைத்துப் பார்க்க வேண்டும். ‘ஏதோ இருக்கிறது, என்னவென்று சொல்ல முடியவில்லை’ என்று தோன்றும் அளவே சரியான அளவு. அதை 200ஆல் பெருக்கினால் 20 லிட்டருக்கு எவ்வளவு ஊற்றுவது என்று கிடைத்துவிடும்.